தண்ணியில்லாக் காடு: புகார் சொன்னவரை இடம் மாற்றும் வரலாறு

"தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்." தமிழ்நாட்டில் இந்த மிரட்டலைக் கேட்காதவர் இருக்க முடியாது. சினிமாவில் அமைச்சர் இன்ஸ்பெக்டரிடம் சொல்வார், நிஜத்தில் வட்டார அலுவலகத்தின் மேலாளர் எழுத்தரிடம் சொல்வார். மாநிலம் முழுவதற்கும் அந்தக் காடு ராமநாதபுரம். ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு அது எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கம். காவிரி பாயும் பகுதியில் வேலை பார்த்தவரை மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மேட்டு நிலத்துக்கு அனுப்பினால் அது தண்டனையாம். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமான பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை.

ஒரு நிமிடம் இதை எங்கள் பக்கமிருந்து பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்கள்தொகையில் ஏறக்குறைய 31 சதவீதம் பட்டியல் சாதியினர். அதாவது, எங்களுக்கு வந்து வேலை செய்வதுதான் ஓர் அரசு ஊழியருக்குக் கொடுக்கப்படும் தண்டனை. ஆதிதிராவிடர் நலத்துறைக்கு மாற்றினாலும் 'ஓரங்கட்டிவிட்டார்கள்' என்றுதானே அலுவலகங்களில் பேசிக்கொள்கிறார்கள்? அந்தத் துறையில் இன்னார் இருந்தார் என்பதைப் பெருமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இது தனியாக எழுத வேண்டிய கதை. இப்போது சொல்ல வந்தது அனுப்பப்படுகிறவரைப் பற்றி, அதிலும் மேலதிகாரியின் தவறைச் சொன்னதற்காக அனுப்பப்படுகிறவரைப் பற்றி.

குரும்பலூரில் கல்லூரி மாணவர்களோடு பேசும்போது தேர்வு, இடஒதுக்கீடு, வேலை என்று பேச்சு போய்க் கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கும்: "வேலைக்குப் போன பிறகு தப்பைத் தட்டிக் கேட்டா தூக்கி அடிச்சிடுவாங்களே, அதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா?" இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் ஓரளவு உண்மை. எப்படி இரண்டும் உண்மையாயின என்பதற்குத்தான் வரலாறு வேண்டும்.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். இடமாறுதல் ஆணையில் "நிர்வாக நலன் கருதி" என்று இரண்டு மூன்று சொற்கள் இருக்கும், அவ்வளவுதான். தமிழ்நாடு அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் தண்டனைகளின் பட்டியல் ஒன்று உண்டு. கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் என்று அது போகும். அந்தப் பட்டியலில் இடமாறுதல் இல்லை. 17(அ)வோ 17(ஆ)வோ வந்தால் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், பெரிய தண்டனை என்றால் விசாரணையும் வைக்க வேண்டும். இடமாறுதலுக்கு இதில் எதுவுமே வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அது தண்டனையே அல்ல, பணியின் இயல்பான ஒரு பகுதி. அதிகாரிகளுக்கு இந்த ஆயுதம் இவ்வளவு பிடித்துப்போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்த ஆயுதத்தைப் பற்றி இந்தியாவில் நடந்த மிகப் பெரிய வழக்கு தமிழ்நாட்டில் பிறந்தது. சட்டம் படிக்கிற தோழர்களுக்கு 'ராயப்பா வழக்கு' என்றால் உடனே சமத்துவம் பற்றிய அந்தப் புகழ்பெற்ற விளக்கம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. அது ஓர் இடமாறுதலைப் பற்றிய வழக்கு.

இ.பி. ராயப்பா ஐ.ஏ.எஸ். 1970 நவம்பரில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆனார். அப்போது முதல்வர் மு. கருணாநிதி. 1972 ஏப்ரலில் ராயப்பாவை அந்த நாற்காலியிலிருந்து எடுத்து, மாநிலத் திட்டக்குழுவின் துணைத்தலைவர் என்ற புதிய பதவிக்கு மாற்றினார்கள். அவருடைய இடத்துக்கு பி. சபாநாயகம் வந்தார். ராயப்பா புதிய பதவியில் சேராமல் விடுப்பில் போனார். விடுப்பு முடிந்து 1973 ஜூனில் திரும்பியபோது இன்னொரு புதிய பதவி காத்திருந்தது: விற்பனை வரிச் சட்டங்களைச் சீரமைக்கும் தனி அலுவலர். அதிலும் அவர் சேரவில்லை. நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அவர் சொன்னது இது. கூவம் திட்டத்தில் நடந்த முறைகேடுகளில் நான் எடுத்த நிலையும், 1971 தேர்தல் நேரத்தில் சட்டம் ஒழுங்கு விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதமும் முதல்வருக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் எனக்காகவே பதவிகளை உருவாக்கி என்னை ஒதுக்கினார்கள். அரசு இதை முற்றாக மறுத்தது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1973 நவம்பர் 23 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தது. உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, புதிய பதவிகள் தலைமைச் செயலாளர் பதவிக்கு அந்தஸ்தில் குறைந்தவை என்றும் காட்டப்படவில்லை என்பது முடிவு.

ஆனால் நீதிபதி பகவதி, சந்திரசூட், கிருஷ்ணய்யர் ஆகிய மூவருக்குமாக பகவதி எழுதிய தனித் தீர்ப்பில் ஒரு புதிய வாசல் திறந்தது. தான்தோன்றித்தனமும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்றும், அரசின் செயல் தன்னிச்சையானதாக இருந்தாலே அது 14-ஆம் பிரிவை மீறியதாகிவிடும் என்றும் அது சொன்னது. அதுவரை 14-ஆம் பிரிவு என்றால் 'இவனுக்குக் கொடுத்தாய், எனக்கு ஏன் கொடுக்கவில்லை' என்று ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அதன் பிறகு, காரணமில்லாத அதிகாரம் என்ற ஒன்றையே கேள்வி கேட்கலாம். இன்று இடஒதுக்கீட்டிலிருந்து பணிநியமன முறைகேடு வரை நாம் எழுதும் மனுக்களில் எல்லாம் இந்த வழக்கு வந்துவிடுகிறது. கேட்டவர் தோற்றார், அவர் கேட்ட கேள்வி மட்டும் நாட்டின் சட்டமாக நின்றது. சட்ட வரலாற்றில் இப்படி அடிக்கடி நடக்கும்.

ராயப்பாவின் அரசியலோ, அவர் சொன்னதெல்லாம் உண்மையா என்பதோ இங்கே என் விஷயமல்ல. நான் அந்தத் தீர்ப்பில் நின்று படிக்கும் இடம் வேறு. சூழ்நிலை சந்தேகத்தை எழுப்பலாம், ஆனால் சந்தேகம் ஆதாரத்தின் இடத்தில் உட்கார முடியாது என்கிற பகுதி அது. உள்நோக்கம் என்று குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை மிகக் கனமானது என்றது நீதிமன்றம். மாநிலத்தின் எல்லாக் கோப்புகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த தலைமைச் செயலாளராலேயே அந்தச் சுமையைத் தூக்க முடியவில்லை. பேரூராட்சியில் வேலை செய்கிற ஒரு தூய்மைப் பணியாளர் எங்கிருந்து தூக்குவார்?

அடுத்த இருபது ஆண்டுகளில் தீர்ப்புகள் இன்னும் இறுகின. 1989-இல் குஜராத் மின்வாரிய வழக்கு வந்தது. இடமாறுதல் ஆணை வந்ததும் சேராமல் மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்த ஊழியர் வேலையையே இழந்தார், உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. மாறுதல் வந்தால் முதலில் போய்ச் சேர், பிறகு முறையிடு, அதுவே விதி. 1990-இல் ஷில்பி போஸ் வழக்கு, 1993-இல் அப்பாஸ் வழக்கு: உள்நோக்கம் அல்லது சட்டமீறல் இருந்தால் ஒழிய நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது. இவற்றைக் கோபத்தோடு படிக்கலாம், ஆனால் படிக்காமல் இருக்கக் கூடாது. ஆணையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்லும் வீரமான ஆலோசகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டவர்களுடைய வேலைதான் போகும், ஆலோசகருடைய வேலை போகாது.

இனி நம் ஆள் ஒருவரின் கதைக்கு வருகிறேன். சி. உமாசங்கர், 1990-ஆம் ஆண்டுத் தொகுதி, தமிழ்நாடு பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் வந்தவர். 1995-இல் மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளியே கொண்டுவந்தார். ஜவஹர் வேலைவாய்ப்புத் திட்டப் பணத்தில் கிராமங்களில் சுடுகாட்டுக் கொட்டகைகள் கட்டியதில் முறைகேடு என்ற வழக்கு அது, சிபிஐ வரை போனது. அன்றைய அமைச்சர் டி.எம். செல்வகணபதி உள்ளிட்டோருக்கு 2014-இல் சிபிஐ நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பின்னாளில் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1996-இல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் ஊழல்களை விசாரிக்க உமாசங்கரை இணைக் கண்காணிப்பு ஆணையர் ஆக்கினார்கள். எதிர்க்கட்சியின் ஊழலைத் தோண்டும்வரை நேர்மை எல்லோருக்கும் பிடிக்கும். 1999 முதல் 2001 வரை திருவாரூர் ஆட்சியர். வட்டாட்சியர் அலுவலகங்களைக் கணினிமயமாக்கி, பட்டா, சான்றிதழ்களுக்காக மக்கள் அலைவதைக் குறைத்த வேலை அவருக்கு நாடு முழுவதும் பெயர் வாங்கித் தந்தது. 2001-இல் மறுபடி ஆட்சி மாறியதும் முக்கியத்துவம் இல்லாத பதவிகளுக்குப் போனார். 2006-இல் இன்னொரு முறை ஆட்சி மாறியதும் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர். அங்கே விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டுவிட்டு லினக்ஸுக்கு மாற்றியதை இன்றும் கணினிக்காரர்கள் பேசுவார்கள்.

எல்காட்டுக்குப் பங்கு இருந்த எல்நெட் நிறுவனம், அதோடு சேர்ந்த பள்ளிக்கரணை தகவல் தொழில்நுட்பப் பூங்கா நிறுவனம் ஆகியவற்றின் விவகாரத்தை அவர் தோண்டத் தொடங்கியது 2008-இல். உடனே எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். அடுத்து அரசு கேபிள் டிவி கழகம். அங்கே தனியார் பெருநிறுவனமான சுமங்கலி கேபிள் விஷன் மீது கடும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தார். அது அன்றைய ஆளுங்கட்சித் தலைமையின் உறவினர்களான மாறன் சகோதரர்களின் நிறுவனம். மறுபடி மாற்றம், இந்த முறை சிறுசேமிப்புத் துறைக்கு.

இதுவரை நடந்தது எந்த நேர்மையான அதிகாரிக்கும் நடக்கக்கூடியது. 2012-இல் மதுரையில் கிரானைட் கொள்ளையைப் பற்றி அறிக்கை அனுப்பிய சில நாட்களில் உ. சகாயம் கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றப்பட்டதும் இந்த வகைதான். ஆனால் 2010 ஜூலையில் உமாசங்கருக்கு நடந்தது இன்னொரு வகை. அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். காரணம், சாதிச் சான்றிதழ்! 'இந்து பள்ளன்' என்று அவர் கொடுத்த சான்றிதழ் பொய்யானது, அவர் கிறித்தவர் என்பது குற்றச்சாட்டு. வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டுகள். தேர்வாணையம் பார்த்த சான்றிதழ், ஒன்றிய அரசு பார்த்த சான்றிதழ், ஐந்து ஆட்சிக்காலங்கள் பார்த்த சான்றிதழ். அது பொய்யாக இருக்குமோ என்ற ஐயம் கேபிள் நிறுவனத்தின் மீது கைவைத்த பிறகுதான் அரசுக்கு வந்தது. சொத்துக்குவிப்பு விசாரணையும் கூடவே வந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவராகிவிட்ட தலித்தைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சீக்கியரை 1956-இலும் பௌத்தரை 1990-இலும் சேர்த்துக்கொண்ட ஆணை அது, கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு இன்றுவரை சாத்தியே இருக்கிறது. மறுபுறம், மதம் மாறியவரோ அவர் பிள்ளையோ திரும்பி வந்து, சமூகமும் ஏற்றுக்கொண்டால் சாதி நிலை திரும்பக் கிடைக்கும் என்று 1975-இல் ஆறுமுகம் எதிர் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கு இல்லை, கர்நாடகத்தின் தங்கவயல் தொகுதித் தேர்தல் வழக்கு, ஆனால் அதில் நின்றவர்கள் தமிழ்த் தலித்துகள். ஒரு சான்றிதழ் மெய்யா பொய்யா என்று எப்படி விசாரிக்க வேண்டும், எந்தக் குழு விசாரிக்க வேண்டும் என்பதை 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கு வகுத்துக் கொடுத்தது. ஆக ஐயம் இருந்தால் அதற்கென்று ஒரு வழி இருக்கிறது. அந்த வழியில் விசாரித்து முடிக்கும் முன்பே ஆளை வெளியே நிறுத்துவது வேறு.

தோழர்களே, மேல்சாதி அதிகாரியைப் பழிவாங்க வேண்டுமானால் இடமாறுதல், குறிப்பாணை, சொத்துக் கணக்கு ஆகிய மூன்று ஆயுதங்கள்தான் உண்டு. தலித் அதிகாரிக்கு நான்காவதாக ஒன்று எப்போதும் உறையில் இருக்கிறது. நீ யார், நீ சொல்லும் ஆள்தானா, உன் அப்பன் எந்தக் கோயிலுக்குப் போனான் என்று எந்த நாளும் கேட்கலாம். பிறப்பையே குற்றப்பத்திரிகையாக்கும் இந்த வசதி வேறு யார் விஷயத்திலும் இல்லை.

2010-இல் தலித் அமைப்புகளும் ஊழல் எதிர்ப்பு அமைப்புகளும் தெருவுக்கு வந்தன. உமாசங்கர் நீதிமன்றம் போனார், நடந்தது பழிவாங்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு கடைசிவரை இது சான்றிதழ் பிரச்சினைதான் என்றது. தேர்தல் நெருங்கிய 2011 ஜனவரியில் அவருடைய பணிநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னாளில் அவர் மதப் பரப்புரையில் இறங்கியதும் அதனால் எழுந்த சர்ச்சையும் தனிக் கதை. அதை வைத்து 2010-இல் நடந்ததைச் சரி என்று வாதிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். காலம் முன்பின்னாக ஓடாது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மேலிடத்துக்குச் சொன்னவரைக் காப்பாற்ற நாட்டில் ஒரு ஏற்பாடு வந்ததே ஒரு சாவுக்குப் பிறகுதான். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடக்கும் முறைகேட்டைப் பற்றி 2002-இல் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003-இல் அவர் கயாவுக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே வழக்கு நடந்து, 2010-இல் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் கடிதம் எழுதியவரின் பெயரைக் காக்க முடியாத அரசு என்ற அவமானத்தில் 2004-இல் ஒரு தீர்மானம் பிறந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு ரகசியமாகப் புகார் அனுப்பலாம், அனுப்பியவரைப் பழிவாங்கினால் ஆணையம் தலையிடும். நல்லதுதான். ஆனால் அது ஒன்றிய அரசு ஊழியருக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும். குரும்பலூர் பேரூராட்சிக்குப் பொருந்தாது.

மாநில ஊழியரையும் சேர்த்துக்கொள்ளும் சட்டம் 2014-இல் வந்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. அதில் ஓர் அருமையான பிரிவு இருக்கிறது. புகார் சொன்னவர் மீது எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அதிகாரியுடையது. ராயப்பாவால் தூக்க முடியாத அந்தச் சுமையைத் தூக்கி எதிர்ப்பக்கத்தின் தலையில் வைத்தது அந்தச் சட்டம். நடைமுறைக்கு வரும் தேதியை அரசிதழில் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. அறிவிக்காமலே ஆண்டுகள் ஓடின. 2015-இல், சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அதை நீர்த்துப்போகச் செய்யும் திருத்த மசோதா ஒன்று மக்களவையில் நிறைவேறியது. பிறக்காத குழந்தைக்குக் கைகால் வெட்டிய கதை.

இதற்கிடையில் நீதிமன்றங்களிலும் காற்று கொஞ்சம் திரும்பியது. 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில், பெயரில்லாத புகாரை வைத்து ஒருவரை இடம் மாற்றுவது, அதாவது தண்டனைக்குப் பதிலாக மாறுதலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்றது உச்ச நீதிமன்றம். அதைவிட நமக்கு நெருக்கமானது 2020 பிப்ரவரியில் வந்த பஞ்சாப் அண்டு சிந்து வங்கி வழக்கின் தீர்ப்பு.

இந்தூர் கிளையில் தலைமை மேலாளராக இருந்த ஒரு பெண் அதிகாரி, மதுபான ஒப்பந்ததாரர்களின் கணக்குகளில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி மேலிடத்துக்குத் தொடர்ந்து அறிக்கை அனுப்பினார். மேலதிகாரியின் பாலியல் சீண்டல் பற்றியும் புகார் செய்தார். 2017 டிசம்பரில் அவரை ஜபல்பூர் மாவட்டத்தின் ஒரு சிறிய கிளைக்கு மாற்றினார்கள். அந்தக் கிளை அவருடைய நிலைக்கு உரியது அல்ல, பல படிகள் கீழே இருக்கும் முதல்நிலை அதிகாரி உட்கார வேண்டிய நாற்காலி. புகாரை விசாரித்த உள்விசாரணைக் குழுவில் வெளியாள் என்று போடப்பட்டவரோ வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர். நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு இவற்றையெல்லாம் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தது. நடந்தது பழிவாங்கல்தான் என்று முடிவு செய்தது. இந்தூருக்கே திருப்பி அனுப்பி ஓராண்டு பணிசெய்ய விட வேண்டும், ஐம்பதாயிரம் ரூபாய் செலவுத்தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

அவர் எப்படி வென்றார் என்று பாருங்கள். மேலதிகாரியின் மனதுக்குள் இருந்ததை அவர் நிரூபிக்கவில்லை, யாராலும் அது முடியாது. அவர் காட்டியது வரிசையை. முதலில் எழுத்தில் அறிக்கை, அதற்குத் தேதி இருக்கிறது. பிறகு புகார், அதற்கும் தேதி இருக்கிறது. அதற்குப் பின்னால் மாறுதல். போன இடம் அவர் பதவிக்குப் பொருந்தாத இடம். இந்த வரிசைக்கு வங்கியிடம் ஏற்கத்தக்க விளக்கம் எதுவும் இல்லை. ஆகவே நான் சந்திக்கும் ஊழியர்களிடம் முதலில் கேட்பது, "வாயால சொன்னீங்களா, எழுதிக் கொடுத்தீங்களா?" என்பதுதான். எழுதிக் கொடுத்த மனுவின் நகலில் பெறப்பட்ட தேதியும் முத்திரையும் இருக்க வேண்டும். கையில் வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன: இந்த மாறுதலுக்கான கோப்புக் குறிப்பு, அதே நாளில் வேறு யார் யார் மாற்றப்பட்டார்கள், போன இடத்தில் காலிப் பணியிடம் இருந்ததா. 'நிர்வாக நலன்' என்ற சொல்லுக்குள் நிர்வாகம் எதுவும் இல்லை என்பது பெரும்பாலும் இந்தப் பதில்களில் தெரிந்துவிடும்.

பாலியல் துன்புறுத்தல் புகாரானால் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 1997 விசாகா வழிகாட்டுதலிலேயே, யாரை மாற்றுவது என்ற தேர்வு பாதிக்கப்பட்ட பெண்ணுடையது என்று சொல்லப்பட்டது. 2013 சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி விசாரணைக் காலத்தில் அவர் எழுத்தில் கேட்டால் அவரையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ மாற்றக் குழு பரிந்துரைக்கலாம். அவர் கேட்காமல் 'உன் பாதுகாப்புக்காகத்தான்' என்று அவரைத் தூக்குவது அந்தப் பிரிவைத் தலைகீழாகப் பிடிப்பது. ஆனால் சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்பதை 2021-இல் தமிழ்நாடே பார்த்தது. சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பிய ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரியை வழியில் சுங்கச்சாவடியிலேயே போலீசை வைத்து மறித்தார்கள். சீருடைக்குள் இருந்த அதிகாரிக்கே அந்த நிலை. 2023-இல் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது, 2024-இல் மாவட்ட முதன்மை நீதிமன்றம் அதை உறுதி செய்தது, வழக்கு அதற்கு மேலும் போனது.

இடம் மாறாமலே மாற்றுவதும் உண்டு. அதே அலுவலகம், அதே பதவிப் பெயர், வேலை மட்டும் வேறு. வண்டி ஓட்டியவரைச் சாக்கடை அள்ளப் போடுவார்கள், கேட்டால் 'எல்லாம் தூய்மைப் பணிதானே' என்பார்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் நகர ரயில்வே பணிமனையில் ஷீலா ஒயிட் என்ற தொழிலாளிக்கு நடந்ததும் இதுவே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர் மேற்பார்வையாளரின் நடத்தையைப் பற்றிப் புகார் செய்தார். அவரைத் தண்டவாளப் பணிக்கு, அதாவது அழுக்கும் பாரமும் மிகுந்த வேலைக்கு மாற்றினார்கள். பின்னர் 37 நாட்கள் சம்பளமின்றி நிறுத்தியும் வைத்தார்கள். இரண்டு வேலையும் ஒரே பதவிப் பெயருக்குள்தான் வருகின்றன என்பது நிறுவனத்தின் வாதம். 2006-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு சராசரித் தொழிலாளி இதைப் பார்த்தால் நாளை புகார் சொல்லத் தயங்குவாரா என்பதுதான் கேள்வி, தயங்குவார் என்றால் அது பழிவாங்கல் என்றது. எளிய அளவுகோல். நம் நாட்டுச் சட்டத்தில் இவ்வளவு எளிதாக யாரும் இதை எழுதிவைக்கவில்லை.

நம்மிடம் இருப்பது வேறு ஒன்று. தொழிற்தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தொழிலாளியை உள்நோக்கத்தோடு இடம் மாற்றுவது 'நியாயமற்ற தொழில் நடைமுறை' என்று அதில் பெயரிட்டே சொல்லியிருந்தது. 1982 திருத்தத்தில் வந்து 1984 முதல் நடைமுறையில் இருந்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் அந்தப் பட்டியலை இரண்டாம் அட்டவணையில் எடுத்து வைத்திருக்கிறது. நகராட்சித் துப்புரவு 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும் என்று 1960-லேயே நாக்பூர் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு இல்லாத இந்த வாசல் துப்புரவுத் தொழிலாளிக்கு இருக்கிறது. சங்கம் இருந்தால் அதைத் தட்டலாம், தனியாளாகத் தட்டி நான் பார்த்ததில்லை.

சாதி நேரடியாக வந்து நிற்கும் இடங்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கூட வரும். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமையலராக வந்ததை எதிர்த்து ஆதிக்க சாதியினர் பள்ளியைப் பூட்டினார்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் என்ன செய்தார்? பூட்டியவர்கள் மீது புகார் கொடுக்கவில்லை, சமையலரை வேறு பள்ளிக்கு மாற்றி ஆணை போட்டார். 'பிரச்சினை வேண்டாமே' என்கிற அந்த நிர்வாக நலன்! போராட்டம் வெடித்த பிறகு ஆணை ரத்தானது, பூட்டியவர்கள் மீது வன்கொடுமை வழக்கும் பதிவானது. தவறு செய்தவர் இருக்கும் இடத்திலேயே இருக்க, தவறுக்கு ஆளானவர் நகர வேண்டும் என்பதைச் சேரிகள் எந்தக் காலத்திலிருந்தோ அறிந்திருக்கின்றன. அந்தப் பழக்கத்துக்கு அலுவலக முத்திரை குத்தியதுதான் அந்த ஆணை.

கடைசியாக, இந்த வரலாறு எதிலும் இடம்பெறாத ஆட்கள் இருக்கிறார்கள். இன்று பேரூராட்சி, நகராட்சி, மருத்துவமனைத் தூய்மைப் பணிகளில் பெரும்பகுதி ஒப்பந்த நிறுவனங்களின் கையில் போய்விட்டது. அந்த வேலையில் இருப்பவர்கள் யார் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறை தரவில்லை என்றோ, பிடித்த வைப்புநிதிப் பணத்தைக் கட்டவில்லை என்றோ, மேஸ்திரி கைநீட்டினார் என்றோ ஒரு பெண் சொன்னால் அவருக்கு மாறுதல் ஆணை வராது. வந்தால் அதையாவது கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்று போனில் சொல்வார்கள். அதற்குக் காகிதம் கிடையாது. அந்தப் போன் வந்த நாள், நேரம், பேசியவர் பெயர், அதற்கு முன்னால் எந்தத் தேதியில் என்ன சொன்னோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லி எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் வீட்டில் கல்லூரி போகும் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.